முதல் வளைவிலேயே முட்டி மோதும் கார்கள்... ஆன்லைன் ரேஸில் உங்களுக்குப் போட்டியாளரைத் தேர்ந்தெடுப்பது யார்?

சிவப்பு விளக்குகள் அணைகின்றன. 20 கார்கள் ஒரே நேரத்தில் சீறிக்கொண்டு கிளம்புகின்றன. முதல் வளைவு நெருங்குகிறது. முன்னால் போகிறவர்கள் பிரேக் பிடிக்கிறார்கள். பின்னால் வருகிற ஒருவர் மட்டும் பிடிக்கவில்லை. பிடிக்கத் தெரியவில்லையா, பிடிக்க மனமில்லையா என்பது அவருக்கே வெளிச்சம். அடுத்த நொடி நான்கைந்து கார்கள் ஒன்றோடொன்று மோதிச் சுழல்கின்றன. யார் வம்புக்கும் போகாமல் ஒன்பதாவதாக வந்துகொண்டிருந்த புது ஆட்டக்காரரின் கார், மணலில் புதைந்து நிற்கிறது. பந்தயம் தொடங்கி அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆன்லைன் கார் ரேஸ் கேம்களுக்குள் முதன்முதலாக நுழைகிற பலரின் முதல் மாலை இப்படித்தான் முடிகிறது. அடுத்த நாள் திரும்பி வருகிறவர்கள் உண்டு. `இது நமக்கு ஒத்துவராது' என்று அழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த 20 பேரை ஒரே பந்தயத்தில் சேர்த்துவிட்டது யார்? அதற்குப் பெயர்தான் மேட்ச்மேக்கிங்.

மேட்ச்மேக்கிங் என்றதும் கல்யாண வரன் ஞாபகம் வரலாம். கிட்டத்தட்ட அதே வேலைதான். என்ன, இங்கே பத்துப் பொருத்தம் பார்க்க நேரமில்லை. ஸ்டார்ட் பட்டனை அழுத்தியவர் அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க மாட்டார். அதற்குள் அவருக்குச் சமமான ஆட்களைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

செஸ் கொடுத்த எண்

இந்த வேலைக்கு அடித்தளம் போட்டவர் கம்ப்யூட்டர்காரர் அல்ல, இயற்பியல் பேராசிரியர். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த அர்பத் ஈலோ, நல்ல செஸ் ஆட்டக்காரரும்கூட. அவர் வகுத்த ரேட்டிங் முறையை 1970-ல் உலக செஸ் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. விஸ்வநாதன் ஆனந்தின் உச்சபட்ச ரேட்டிங் 2817 என்று சொல்கிறோமே, அந்த எண் ஈலோ முறையில் வந்ததுதான். `தி சோஷியல் நெட்வொர்க்' படத்தில் ஹாஸ்டல் ஜன்னல் கண்ணாடியில் ஒரு சூத்திரத்தை எழுதுவார்களே, அதுவும் இதேதான்.

கணக்கு எளிமையானது. இருவருக்கும் ஒரே ரேட்டிங் என்றால் ஜெயிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஒருவருக்கு 400 புள்ளிகள் அதிகம் என்றால், 11 ஆட்டங்களில் 10-ஐ அவர் எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்தபடி நடந்தால் புள்ளிகள் கொஞ்சமாகத்தான் மாறும். சின்னவர் பெரியவரைச் சாய்த்துவிட்டால் நிறைய மாறும்.

செஸ்ஸில் எதிரே ஒருவர்தான். கார் ரேஸில் 19 பேர். அதனால், ஒவ்வொருவரும் மற்ற 19 பேரோடும் தனித்தனியாக மோதியதாக வைத்துக்கொண்டால், ஒரே பந்தயத்தில் 190 குட்டிப் போட்டிகள் நடந்து முடிந்துவிடுகின்றன. உங்களுக்குப் பின்னால் முடித்தவர்களை நீங்கள் வென்றீர்கள், முன்னால் முடித்தவர்களிடம் தோற்றீர்கள். அவ்வளவுதான்.

2000-களின் நடுவில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள் `ட்ரூஸ்கில்' என்ற முறையை உருவாக்கி, எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களில் பயன்படுத்தினார்கள். பலர் ஒரே நேரத்தில் மோதும் ஆட்டங்களுக்காகவே யோசிக்கப்பட்ட முறை அது. அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று, `இவர் திறமை இவ்வளவு இருக்கலாம்' என்கிற மதிப்பீடு. மற்றொன்று, `அந்த மதிப்பீட்டில் எங்களுக்கு இவ்வளவு சந்தேகம் இருக்கிறது' என்கிற அளவு. புதிதாக வந்தவர் மீது சந்தேகம் அதிகம் என்பதால் அவருடைய எண் முதல் சில ஆட்டங்களில் தாறுமாறாக ஏறி இறங்கும். நூறு ஆட்டம் ஆடியவருடைய எண் அவ்வளவு எளிதில் அசையாது.

வேகம் மட்டும் போதாது

செஸ்ஸில் எவ்வளவு மோசமாக ஆடுகிறவராக இருந்தாலும் பக்கத்து மேஜையில் ஆடுகிறவரைக் கெடுக்க முடியாது. கார் ரேஸில் முடியும். ஒரே ஓர் ஆள் மூன்று விநாடி கவனம் தப்பினால், அவரோடு சேர்த்து ஐந்து பேரின் பந்தயம் முடிந்துபோகும். அதிலும் வேகமாக ஓட்டுகிறவர் ஒழுங்காக ஓட்டுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நம் ஊர்ச் சாலைகளில் தினமும் பார்க்கிற விஷயம்தானே!

எனவேதான் தரமான ரேஸ் கேம்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளக்கின்றன. 2008-ல் தொடங்கப்பட்ட `ஐரேஸிங்' இதில் முக்கியமானது. நிஜ ரேஸ் டிரைவர்களும் விளையாடுகிற, சந்தா கட்டி ஆட வேண்டிய கேம் அது. வேகத்துக்கு `ஐரேட்டிங்' என்று ஓர் எண். எல்லோருக்கும் தொடக்கம் 1350. ஒழுங்குக்கு `சேஃப்டி ரேட்டிங்' என்று இன்னோர் எண். மோதாமல், தடம் விட்டு இறங்காமல் எத்தனை வளைவுகளைக் கடக்கிறீர்கள் என்பதுதான் அதன் கணக்கு. தார்ச்சாலைப் பந்தயங்களில் கார் தடத்தைவிட்டு இறங்கினால் 1 புள்ளி, கட்டுப்பாட்டை இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று தவறுகள் எழுதப்படும்.

இந்த சேஃப்டி ரேட்டிங்தான் லைசென்ஸைத் தீர்மானிக்கிறது. ரூக்கி என்கிற தொடக்க நிலையிலிருந்து டி, சி, பி, ஏ என்று படியேற வேண்டும். எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் கண்டபடி மோதுகிறவருக்கு அடுத்த படி திறக்காது. லைசென்ஸ் வாங்கிய பிறகு, ஒரு பந்தயத்துக்கு 60 பேர் பெயர் கொடுத்தால், ஐரேட்டிங்கின் வரிசைப்படி 20 பேராக மூன்று பந்தயங்களாகப் பிரித்துவிடுவார்கள். இதற்கு `ஸ்ப்ளிட்' என்று பெயர்.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று அங்கே தனித்தனிப் பிரிவு. வண்டிகள் அதிகமாக வந்துவிட்டால் அதே பிரிவை இரண்டாகப் பிரித்து ஓட்டுவார்கள். பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டால் பார்க்கிற கூட்டத்துக்கே பிடிக்காது.

பிளேஸ்டேஷனில் 2017-ல் வந்த `கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்' இதே இரட்டைக் கணக்கை லட்சக்கணக்கான சாதாரண ஆட்டக்காரர்களிடம் கொண்டுபோனது. டிரைவர் ரேட்டிங் ஒன்று, ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் ரேட்டிங் ஒன்று. இரண்டுக்கும் ஈ, டி, சி என்று பள்ளிக்கூட கிரேடு. ஆன்லைன் பந்தயத்துக்குள் நுழைவதற்கு முன் எப்படி நாகரிகமாக ஓட்டுவது என்று இரண்டு குட்டி வீடியோக்களைக் கட்டாயம் பார்த்தாக வேண்டியிருந்தது. பலர் அவற்றை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம், விமானத்தில் சீட் பெல்ட் போடக் கற்றுக்கொடுக்கும்போது பார்க்கிற மாதிரி!

தப்பு யார்மேல்?

ஒழுங்கை அளப்பதில்தான் பெரிய தலைவலி. இரண்டு கார்கள் மோதினால் யார்மேல் தவறு? நம் ஊரில் பதில் சுலபம். பெரிய வண்டிக்காரர் மேல்தான் தப்பு. நிஜ ஃபார்முலா 1 பந்தயத்தில் நடுவர்கள் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடிவெடுப்பார்கள். அப்படியும் சண்டை ஓயாது. ஒரே நேரத்தில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கில் நடக்கிற கேம் பந்தயங்களுக்கு அத்தனை நடுவர்களுக்கு எங்கே போவது?

ஐரேஸிங் எடுத்த முடிவு துணிச்சலானது. தவறு யார்மேல் என்றே அது பார்ப்பதில்லை. மோதிய இருவருக்கும் ஒரே புள்ளி. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து ஒருவர் இடித்தாலும் இருவர் கணக்கிலும் ஏறும். புதியவர்களை இதைப்போல் எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆனால், அதன் பின்னால் இருக்கும் வாதத்தையும் கேட்க வேண்டும். ஒரு பந்தயத்தில் அநியாயமாகத் தோன்றுவது, ஐம்பது பந்தயங்களில் சராசரியாகிவிடும். அடிக்கடி இடிக்கிறவருக்கு அடிக்கடி புள்ளி ஏறும். எப்போதாவது இடிபடுகிறவருக்கு எப்போதாவதுதான் ஏறும். கூடவே, அடாவடியாக ஓட்டுகிறவர் பக்கத்தில் வந்தால் விலகி வழிவிடும் பழக்கமும் தானாக வந்துவிடுகிறது. `டிஃபென்ஸிவ் டிரைவிங்' என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தருவதும் அதைத்தானே!

கிரான் டூரிஸ்மோ வேறு வழியில் போனது. கம்ப்யூட்டரே குற்றவாளியைக் கண்டுபிடித்து நேர அபராதம் போடும் முறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், இடித்தவரை விட்டுவிட்டு இடிபட்டவருக்கு அபராதம் போட்டு, ஆட்டக்காரர்களிடம் ஏகப்பட்ட திட்டு வாங்கியது. விதிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது. 2023-ல் வந்த `ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கேமில், மோதல்களைத் தீர்ப்பு சொல்ல மெஷின் லேர்னிங்கை உட்கார வைத்தார்கள். அங்கேயும் புகார்கள் நிற்கவில்லை. இருவருமே அநியாயம் என்று உணரலாம், ஆனால் கணக்கு நியாயமாக இருக்கும் என்கிற ஐரேஸிங் வழி, கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் அதிகம் தாக்குப்பிடித்திருப்பது அதுதான்.

ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும்

சமமான ஆட்கள் வேண்டும் என்றால் முதலில் ஆட்கள் வேண்டும். இங்கேதான் பல கேம்கள் தடுமாறுகின்றன.

பெரும்பாலான மொபைல் கேம்கள் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆள் சேர்ந்ததும் கிளம்பிவிடும். முதலில் உங்கள் ரேட்டிங்குக்கு மிக நெருக்கமானவர்களைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் சில விநாடிகளுக்கு ஒருமுறை வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தும். நள்ளிரவு 2 மணிக்கு விளையாடினால் வலை ரொம்பவே அகலமாகி, உங்களைவிடப் பல மடங்கு கெட்டிக்காரரோடு கொண்டுபோய் நிறுத்தும். ஐரேஸிங், கிரான் டூரிஸ்மோ இரண்டும் பஸ் மாதிரி. இத்தனை மணிக்கு இந்தப் பந்தயம் என்று அட்டவணை உண்டு. காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால், எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவதால் தரம் பிரிக்க வசதி.

தூரமும் ஒரு சிக்கல். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், பத்தில் ஒரு விநாடியில் சுமார் 7 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது, ஒன்றரைக் கார் நீளம். சென்னையில் ஆடுகிறவரின் சர்வர் ஐரோப்பாவில் இருந்தால் அந்தப் பத்தில் ஒரு விநாடி தாமதம் சர்வ சாதாரணம். திரையில் நீங்கள் பார்க்கிற எதிராளியின் கார் உண்மையில் அந்த இடத்தில் இல்லை. அது எங்கே இருக்கும் என்று கேம் ஊகித்துக் காட்டுகிறது. ஊகம் தவறினால், தொடாமலே இடித்ததாகக் கணக்காகும். எனவே, திறமையில் பொருந்துகிற ஜப்பான்காரரா, இணைய வேகத்தில் பொருந்துகிற பக்கத்து ஊர்க்காரரா என்று கேம் ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று சில மொபைல் கேம்கள் குறுக்கு வழி கண்டுபிடித்தன. நம் வீட்டுச் சுட்டிகள் பலருக்கும் பழக்கமான `ஹில் க்ளைம்ப் ரேஸிங் 2'-ல் எதிரே ஓடுகிறவர் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் அல்ல. அவர் முன்பு எப்போதோ ஓட்டிய ஓட்டத்தின் பதிவு. 2013-ல் வந்த `ரியல் ரேஸிங் 3' கேமும் இதே யோசனையை முன்வைத்ததுதான். எதிராளி தூங்கிக்கொண்டிருந்தாலும் அவருடைய பதிவு ஓடும். காத்திருப்பும் இல்லை, லேக்கும் இல்லை. `ஸ்பெயின்காரனை ஜெயிச்சுட்டேம்மா' என்று துள்ளுகிற பிள்ளையிடம் இந்த ரகசியத்தைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

நேர்மையாக ஆடினால் 19 முறை தோல்வி

இவ்வளவும் சரியாக நடந்து, 20 பேரும் அச்சு அசலாக ஒரே திறமையில் அமைந்துவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொருவரும் 20 பந்தயங்களில் ஒன்றில்தான் ஜெயிப்பார். மீதி 19-ல் தோற்பார். செஸ்ஸில் சரிசமமான போட்டி என்றால் பாதியாவது ஜெயிக்கலாம். ரேஸில் முழு நியாயம் கிடைத்தால் தோல்விதான் வழக்கம், வெற்றி விருந்தாளி. பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டுமல்ல, 40 வயது அப்பாவுக்கும் இது ஜீரணிக்கக் கடினம்.

`மரியோ கார்ட்' இதை எப்போதோ புரிந்துகொண்டது. அதில் பின்தங்கியவருக்கு நல்ல ஆயுதம் கிடைக்கும். முன்னணியில் இருப்பவருக்கு வாழைப்பழத் தோல்தான். 1996-ல் வந்த `மரியோ கார்ட் 64'-ல் இருந்து, முதலிடத்தில் போகிறவரைத் தேடிப்போய் அடிக்கிற நீல ஓடு வேறு. பாட்டியும் பேரனும் ஒன்றாக விளையாட வேண்டிய கேமில் அது சரி. யார் கெட்டிக்காரர் என்று பார்க்க வேண்டிய கேமில் சரிவராது.

வேறு சிலர் கண்டுபிடித்த வழி அவ்வளவு வெள்ளந்தியானது அல்ல. 2017-ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை, `சமமான போட்டிதான் சிறந்த போட்டி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?' என்ற ரீதியில் கேள்வி எழுப்பியது. தொடர்ந்து தோற்கிறவர் கேமைவிட்டுப் போய்விடக்கூடும். எனவே, அவர் போகாமல் இருக்கும்படி எதிராளியைத் தேர்ந்தெடுக்கலாமே என்பது அதன் யோசனை. அதே ஆண்டு ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. பணம் கொடுத்து ஆயுதம் வாங்கிய ஆட்டக்காரரோடு அது இல்லாதவரைக் கோத்துவிட்டால், அவருக்கும் வாங்கத் தோன்றும் என்கிற யோசனை அதில் விளக்கப்பட்டிருந்தது. அதை எந்த கேமிலும் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் சொன்னது. இரண்டுமே கார் ரேஸுக்கென்று எழுதப்பட்டவை அல்ல. ஆனால், துப்பாக்கி இருக்கும் இடத்தில் காசு கொடுத்து வாங்கும் இன்ஜினை வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பிள்ளை தோற்பது திறமையாலா, எதிராளியின் கார் பணத்தால் பலப்படுத்தப்பட்டதாலா? முதலாவது என்றால் பழகினால் சரியாகும். இரண்டாவது என்றால் பர்ஸ் திறக்கும்வரை சரியாகாது. எல்லோருக்கும் ஒரே திறன்கொண்ட கார் கொடுத்து ஓடவிடும் பந்தயம் கேமில் இருக்கிறதா என்று பார்ப்பது, அதைக் கண்டுபிடிக்க எளிய வழி.

உச்சியில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சமப் போட்டி பிடிப்பதில்லை என்பதும் உண்மை. `எந்நேரமும் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது, எப்போதுதான் ஜாலியாக ஓட்டுவது?' என்பது அவர்களின் குறை. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், 2024-ல் ஆக்டிவிஷன் தன் `கால் ஆஃப் டியூட்டி' துப்பாக்கிச் சண்டை கேமில் திறமைப் பொருத்தத்தைத் தளர்த்திச் சோதித்ததை வெளியிட்டது. பெரும்பாலான ஆட்டக்காரர்கள் மீண்டும் வருவது குறைந்தது. அதிகம் ரசித்தது உச்சியில் இருந்த சிறு கூட்டம் மட்டும்தான். அந்த ஜாலிக்கு யாரோ ஒருவர் அடிவாங்க வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

அப்படி அடிக்க ஆள் தேடி, கெட்டிக்காரர்கள் சிலர் புதுக் கணக்கு தொடங்கிப் புதியவர்கள் நடுவே புகுந்துகொள்வதும் நடக்கிறது. `ஸ்மர்ஃப்' என்று இவர்களுக்குப் பட்டப்பெயர். இலவச மொபைல் கேம்களில் இதைத் தடுப்பது கஷ்டம், ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் சந்தா கட்ட வேண்டிய கேமில் இந்த ஆசை கொஞ்சம் குறைகிறது.

11-வது இடத்துக்கான சண்டை

அப்படியானால் 19 முறை தோற்கிறவரை எது திரும்ப வரவைக்கிறது? ரேட்டிங் முறையிலேயே அதற்கு ஒரு பதில் ஒளிந்திருக்கிறது. பலமான ஆட்கள் நிறைந்த பந்தயத்தில் 11-வதாக வந்தாலும், உங்கள் எண்ணுக்கு 15-வது இடம்தான் எதிர்பார்க்கப்பட்டது என்றால், புள்ளி ஏறும். பலவீனமானவர்கள் நடுவே மூன்றாவதாக வந்தாலும் இறங்கக்கூடும். பழகியவர்கள் கோப்பையைப் பார்ப்பதில்லை. தனக்கு அரை விநாடி முன்னால் போகிற காரை மட்டும் பார்க்கிறார்கள். பத்துச் சுற்றுகள் ஒருவரை ஒருவர் விரட்டி, இடிக்காமல் வழிவிட்டு, கடைசி வளைவில் 11-வது இடத்தைப் பிடித்தவருக்குக் கிடைக்கிற சந்தோஷம், தனியாக முன்னால் ஓடி முதலிடம் பிடித்தவருக்குக் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

ஐரேஸிங்கில் ரூக்கி நிலையில் இருப்பவர்களுக்குப் பழைய ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்கிற ஒரு யோசனை உண்டு. தகுதிச் சுற்றே ஓட்டாதே. எல்லோரும் கிளம்பிய பிறகு, பிட் லேனிலிருந்து கடைசியாகக் கிளம்பு. முதலில் கேட்கும்போது கோழைத்தனமாகத் தோன்றும். 19 கார்களும் இரைச்சலோடு முதல் வளைவை நோக்கிப் பறக்கும்போது, இந்த ஒரு கார் மட்டும் பின்னால் நிதானமாக உருண்டு வரும். வளைவில் வழக்கம்போல் யாரோ பிரேக் பிடிக்க மறப்பார். புழுதி எழும்பும். ஆறேழு கார்கள் திசைக்கொன்றாகத் திரும்பி நிற்கும். கடைசியாக வருகிறவர் வேகத்தைக் குறைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து வெளியே வருவார். ஒருவரையும் முந்த முயலாமலே அப்போது அவர் 13-வது இடத்தில் இருப்பார்.